நாற்று விட்டது ஓர் ஊர். அறுவடை வேறோர் ஊர்!

கனடா தேசத்தின் மேற்குப் பகுதியிலே, ஆல்பர்ட்டா மாகாணத்தில், மெடிஸின் ஹாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘மருந்துத் தொப்பி’. பழங்குடி மக்களின் மந்திர வைத்தியர் தலையில் அணிந்த இறகுக் கிரீடத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஜனத்தொகை சுமார் 63 ஆயிரம். ஊருக்கடியில் எரிவாயு ஏராளம். 1907-ல் அங்கே வந்த ருட்யார்ட் கிப்ளிங் அதைக் கண்டு வியந்தார். 1910-ல் ஊரின் பெயரை மாற்றிவிடலாம் என்று சிலர் கிளம்பியபோது, மாற்றக் கூடாதென்று வாதாடி அவர் கடிதமும் எழுதினார்.

இந்த நாளில் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது எரிவாயு அல்ல, ஐஸ் ஹாக்கி. 1970-ல் பிறந்த ‘மெடிஸின் ஹாட் டைகர்ஸ்’ கோஷ்டியில் ஆடுகிறவர்கள் 16 முதல் 20 பிராயத்துக்குட்பட்ட வாலிபர்கள். 1987, 1988 ஆகிய இரண்டு வருஷங்களிலும் தேசத்தின் இளைஞர் ஹாக்கிக்கு உச்சமான மெமோரியல் கோப்பையை அந்தக் கோஷ்டி அடுத்தடுத்து வென்றது. 2025-ல் மறுபடியும் அந்தக் கோப்பைக்கு ஒரு படி தூரத்தில் வந்து நின்றது. ஜூன் 1-ந் தேதி க்விபெக் மாகாணத்தின் ரிமூஸ்கி நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நைட்ஸ் கோஷ்டியிடம் 4-1 என்ற கோல் கணக்கில் தோற்றது.

தோல்வி பெரிய விஷயமல்ல. அதற்குப் பிறகு நடந்ததே விசேஷம். சில வாரங்களுக்குள் கோஷ்டியின் தலைசிறந்த வாலிபர்கள் சிலர் மூட்டை கட்டினார்கள். வயது கடந்து போனவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது வருஷா வருஷம் நடப்பது. ஆனால் வயது இருந்தும் போனவர்கள் சிலர் உண்டு. இப்படி நடப்பதற்கு 2025-க்கு முன்பு வழி குறைவு. இப்போது ராஜபாட்டையே திறந்திருக்கிறது.

எனவே, வரும் பருவத்தில் தங்கள் கோஷ்டி எப்படி ஆடும் என்ற கேள்விக்குக் கனடாவின் சிற்றூர் ரஸிகர்கள் இத்தனை காலமாகப் போட்டுவந்த கணக்கு இனி செல்லாது. புதுக் கணக்கு எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கவேண்டும்.

பனிக்கட்டி மேல் ஆட்டம்

நமக்குத் தெரிந்த ஹாக்கி புல்தரையில், பந்தை வைத்து ஆடுவது. கனடாவின் ஹாக்கி பனிக்கட்டித் தளத்தின்மேல், காலில் கத்திபோன்ற இரும்பு பதித்த சறுக்குக் காலணி அணிந்து ஆடுவது. பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வில்லை. கோல் காப்பவரைச் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். ஓட்டத்தின் வேகமும், மோதலும், ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்களை மாற்றும் விறுவிறுப்பும் சேர்ந்து அதைக் கனடியர்களின் தேசிய வெறி என்றே சொல்லும்படி ஆக்கியிருக்கின்றன.

இளைஞர் ஹாக்கியின் உச்சியில் இருப்பது கனடிய ஹாக்கி லீக். இதன் கீழ் மேற்கு லீக், ஒன்டாரியோ லீக், க்விபெக்-கடலோர மாகாண லீக் என மூன்று லீக்குகள். 2025-26 பருவத்தில் இவற்றில் மொத்தம் 61 கோஷ்டிகள். சில அமெரிக்க ஊர்களும் இதில் சேர்த்தி. மூன்று லீக்குகளின் சாம்பியன்களும், பந்தயத்தை நடத்தும் ஊரின் கோஷ்டியும், ஆக நால்வர் மோதுவது மெமோரியல் கோப்பைக்கு. முதல் உலக மகாயுத்தத்தில் உயிர் நீத்த கனடியர்களின் நினைவாக 1919-ல் ஏற்பட்ட கோப்பை அது.

மேற்கு லீக்கில் 2024-25 பருவத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் 68 பந்தயங்கள் ஆடியது. செப்டம்பர் பிற்பகுதியில் ஆரம்பம், மார்ச்சில் முடிவு. பிறகு 16 கோஷ்டிகள் தகுதிச் சுற்றில் இறங்கும். ஏழு பந்தயங்களில் நான்கை வெல்ல வேண்டும். அப்படி நான்கு சுற்று. பட்டம் வெல்ல மே மாதம் ஆகிவிடும். பந்தயங்களுக்கிடையே பஸ் பிரயாணம் நூற்றுக்கணக்கான மைல். வெளியே கொட்டும் பனி. இவ்வளவையும் தாங்குகிறவர்கள் மீசை முளைக்காத பையன்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இந்தப் பையன்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் அல்ல. சுமார் 15 வயதிலேயே லீக்கின் தேர்வுப் பட்டியலில் ஒரு கோஷ்டி அவர்களைப் பெயர் குறித்து எடுத்துக்கொள்கிறது. பெற்றோரை விட்டு வந்து, அந்த ஊரில் ஒரு குடும்பத்தில் வீட்டுப்பிள்ளை மாதிரி தங்கி, பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு ஆடுகிறார்கள். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை உண்டு. மேற்கு லீக்கில் ஒரு பருவம் ஆடினால் பின்னால் ஒரு வருஷத்து உயர்படிப்புக்கு உதவித்தொகை உண்டு. ஊர் ஜனங்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கடைவீதியில் கண்டால் நின்று பேசுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் இந்த ஊர்கள் தேசிய ஹாக்கி லீக் என்ற பெரிய வயலுக்கு நாற்று வளர்க்கும் நாற்றங்கால்கள்.

வகுப்பு மாறும் பள்ளிக்கூடம்

தொழில்முறைக் கோஷ்டி ஒன்று பணமிருந்தால் பத்து வருஷம் ஒரே ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம். இளைஞர் கோஷ்டி அப்படியல்ல. அது ஒரு பள்ளிக்கூடம். மேல் வகுப்பு வருஷந்தோறும் வெளியேறும். கீழே புது வகுப்பு சேரும். ஆகையால், இன்று பலசாலியா என்பதை வைத்து நாளைய நிலையைச் சொல்ல முடியாது. எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒரு கணக்குக்காக, கோஷ்டியில் 23 பேர் என்று வைத்துக்கொள்வோம். 20 பிராயத்தவர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாதென்பது விதி. மீதி 20 பேரை 16, 17, 18, 19 என்று நான்கு வகுப்பாகப் பிரித்தால், வகுப்புக்கு ஐந்து பேர். 16 வயதுப் பையன் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பான். 17-ல் துளிர் விடுவான். 18-ல் தேசிய லீக்கின் தேர்வுப் பட்டியலுக்கு வருவான். 19-ல் உடம்பும் புத்தியும் முதிர்ந்து, பந்தயத்தைத் தன் தோளில் தூக்கிச் செல்வான். சாம்பியன் கோஷ்டிகளின் முதுகெலும்பு பெரும்பாலும் இந்தப் 19 வயது வகுப்புதான்.

இதனால்தான் இளைஞர் கோஷ்டிகளின் வரலாறு அலைபோல் இருக்கும். இரண்டு வருஷம் தோற்றுத் தோற்று நல்ல சிறுவர்களைச் சேர்ப்பார்கள். மூன்றாவது வருஷம் தலைதூக்குவார்கள். நான்காவது வருஷம், வருங்காலத் தேர்வு உரிமைகளை எல்லாம் பிற ஊர்களுக்குக் கொடுத்து, ஜனவரிக் கெடுவுக்குள் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கிப் பட்டத்துக்கு மோதுவார்கள். பிறகு மறுபடியும் பள்ளம். மெடிஸின் ஹாட் கோஷ்டியும் 2024-25 பருவத்தில் இப்படித்தான் செய்தது. ஸாஸ்கடூன் கோஷ்டியிலிருந்து டானர் மொலன்டைக் என்ற சிறந்த தற்காப்பு ஆட்டக்காரரை வரவழைத்துக்கொண்டது. ஸ்போக்கேன் கோஷ்டியை 4-1 என்ற பந்தயக் கணக்கில் வென்று மேற்கு லீக்கின் பட்டத்தை ஆறாவது முறையாகக் கைப்பற்றியது.

இந்த நான்கு வருஷத் திட்டத்துக்கு அஸ்திவாரம் ஒன்று உண்டு. பையன் 19 வயது வரை வேறெங்கும் போகமாட்டான், போக முடியாது என்ற நிச்சயந்தான் அது. அந்த அஸ்திவாரத்தில்தான் இப்போது கீறல் விழுந்திருக்கிறது.

அடைத்திருந்த கதவு

பையன் போக முடியாமல் இருந்ததற்கு இரண்டு பூட்டுகள் காரணம்.

முதல் பூட்டு, தேசிய லீக்குடன் கனடிய லீக் செய்துகொண்ட ஒப்பந்தம். தேர்வான வாலிபன் தேசிய லீக்கிலேயே இடம் பிடித்தால் சரி. இல்லாவிட்டால் 20 வயது ஆகும்வரை அவனைத் தொழில்முறையின் இரண்டாம் படியான அமெரிக்க ஹாக்கி லீக்குக்கு அனுப்பக் கூடாது. பழைய ஊருக்கே திருப்பி அனுப்பவேண்டும்.

இரண்டாவது பூட்டு அமெரிக்காவில் இருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், கனடிய லீக்கில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று கருதியது. கைச்செலவுத் தொகை வாங்குகிறார்கள். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களோடு சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது அதன் வாதம். கனடிய லீக்கின் தளத்தில் கால் வைத்த பையனுக்கு அமெரிக்க சர்வகலாசாலை ஹாக்கியின் கதவு அநேகமாக அடைபட்டுவிடும். 16 வயதில் ஒரு பையனும் அவனுடைய பெற்றோரும் இந்தப் பெரிய முடிவை எடுக்கவேண்டியிருந்தது: கனடிய லீக்கா, கல்லூரியா?

இந்த விதியால் கனடிய லீக்குக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டத்துக்கு மெடிஸின் ஹாட் கோஷ்டியே நல்ல சாட்சி. 2013-ல் நடந்த தேர்வில், கால்கரி நகரத்துப் பையன் ஒருவனை எட்டாவது சுற்றில் அந்தக் கோஷ்டி பெயர் குறித்தது. அவன் வரவில்லை. கல்லூரிக் கதவு அடைபடக் கூடாதென்று, அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தூரத்தில் உள்ள ப்ரூக்ஸ் என்ற சிற்றூரின் கோஷ்டியில், ஒரு படி கீழான லீக்கில் ஆடினான். அங்கிருந்து மாஸாசூஸெட்ஸ் சர்வகலாசாலைக்குப் போனான். அந்தப் பையன்தான் கேல் மகார். 2022-ல் கொலராடோ கோஷ்டி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது தகுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும், 2022, 2025 ஆகிய வருஷங்களில் தேசிய லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதையும் பெற்றவர் அவர்.

மகார் ஒருவர் மட்டுமல்ல. 2021-ல் தேசிய லீக்கின் முதல் தேர்வான ஓவன் பவர், 2024-ல் முதல் தேர்வான மாக்லின் ஸெலிப்ரினி ஆகிய இரு கனடியர்களும் அமெரிக்காவின் இளைஞர் லீக்கில் ஆடிவிட்டுக் கல்லூரி வழியே போனவர்கள். பூட்டு போட்டவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்களை எண்ணினார்களே தவிர, பூட்டைக் கண்டு வாசலோடு திரும்பிப் போனவர்களை எண்ணவில்லை.

கதவு திறந்தது

2024 ஆகஸ்டில் இந்த விதியை எதிர்த்து நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரத்தில் மத்திய கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. 16 வயதில் கனடிய லீக் கோஷ்டி ஒன்றுக்காக இரண்டே இரண்டு ஒத்திகைப் பந்தயம் ஆடிய வாலிபர் ஒருவர், அதன் காரணமாகவே தமக்குக் கல்லூரி ஹாக்கி மறுக்கப்பட்டது என்று முறையிட்டார். கல்லூரிச் சங்கம் நீண்டநாள் வழக்காடவில்லை. அதே வருஷம் நவம்பரிலேயே விதியைத் தளர்த்தியது. வாழ்வதற்கு வேண்டிய செலவுக்கு மேல் சம்பளம் வாங்காத கனடிய லீக் ஆட்டக்காரர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிகளில் ஆடலாம் என்று தீர்மானமாயிற்று.

இதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க சர்வகலாசாலைகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேராகவே பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ஒரு கோர்ட் சமரசம் அனுமதித்தது. 2025-26-ல் ஒரு சர்வகலாசாலை எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். இதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும் என்றாலும், ஹாக்கிக்குச் சிந்துகிற பருக்கையே கனடியச் சிற்றூரின் முழுச் சாப்பாட்டைவிடப் பெரிது.

முதல் பெரிய அடி விழுந்த இடம் மெடிஸின் ஹாட். அதன் நட்சத்திரம் காவின் மக்கென்னா, வடகோடி யூகான் பிரதேசத்து வைட்ஹார்ஸ் ஊரைச் சேர்ந்தவர். 2022 தேர்வில் மேற்கு லீக்கிலேயே முதல் பையனாக எடுக்கப்பட்டவர். 2024-25 பருவத்தில் 56 பந்தயங்களில் 41 கோல் போட்டு, 88 கோலுக்குத் துணைநின்று, மொத்தம் 129 புள்ளி சேர்த்தார். கனடிய லீக் முழுவதற்கும் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அப்போது வயது 17! பழைய விதி இருந்தால் 2025 இலையுதிர் காலத்தில் அவர் மெடிஸின் ஹாட் ஊருக்கே திரும்பியிருப்பார். வேறு நல்ல வழி இல்லை. ஆனால் ஜூலையில் பென்ஸில்வேனியா மாகாண சர்வகலாசாலையில் சேரப் போவதாக அறிவித்தார். அவருக்குச் சுமார் 7 லட்சம் டாலர் கிடைக்கும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொகை அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை.

அவரோடு நிற்கவில்லை. 2024 தேசிய லீக் தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்ட கேடன் லின்ட்ஸ்ட்ராம் மிச்சிகன் மாகாண சர்வகலாசாலைக்குப் போனார். ரைடர் ரிச்சி பாஸ்டன் சர்வகலாசாலைக்குப் போனார். மற்ற ஊர்களிலும் இதே கதை. ப்ராம்ப்டன் கோஷ்டியின் போர்ட்டர் மார்ட்டோன் மிச்சிகன் மாகாண சர்வகலாசாலைக்கும், விக்டோரியா கோஷ்டியின் கோல் ரெஷ்னி வடக்கு டகோட்டாவுக்கும் போனார்கள். இருவருமே 2025 தேசிய லீக் தேர்வில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள்.

பணம் ஒன்றே காரணம் என்று சொல்வது அந்த வாலிபர்களுக்கு அநியாயம் செய்வதாகும். கல்லூரிகளில் ஒரு பருவத்துக்குப் பந்தயங்கள் ஏறத்தாழ 40-க்குள்தான். அவையும் பெரும்பாலும் வெள்ளி, சனி நாட்களில். மற்ற நாட்களில் தேகப்பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் நேரம் கிடைக்கிறது. எதிரே நிற்பவர்களோ 22, 23 வயது ஆண்பிள்ளைகள். 17 வயதிலேயே 129 புள்ளி எடுத்துவிட்ட ஒருவர், தம்மைவிடச் சிறியவர்களோடு இன்னும் ஒரு வருஷம் ஆடிக் கற்பதற்கு என்ன இருக்கிறது? நாற்று முற்றிப்போவதற்கு முன் நடவு ஆகவேண்டும் என்பது குடியானவனுக்குத் தெரிந்த நியாயம்.

எதிர்த்திசையில் ஒரு வெள்ளம்

இதுவரை சொன்னதைக் கொண்டு கனடியச் சிற்றூர்களின் கதை முடிந்துவிட்டது என்று எண்ணினால் அது தவறு. திறந்த கதவு வெளியே போக மட்டுமல்ல, உள்ளே வரவும் உதவும்.

முன்பு கல்லூரி ஆசையுள்ள 16 வயதுப் பையன் கனடிய லீக்கை எட்டிப்பார்க்கவே பயந்தான். இப்போது அந்தப் பயம் இல்லை. இரண்டு வருஷம் கடினமான கனடிய லீக்கில் ஆடிவிட்டு 18-ல் கல்லூரிக்குப் போகலாம். ஆகவே அமெரிக்க இளைஞர் லீக்கிலும், பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் இரண்டாம் படி லீக்குகளிலும் ஆடியிருக்கக்கூடிய நல்ல சிறுவர்கள் கனடிய லீக்கின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா லீக்கின் புகழ்பெற்ற பென்டிக்டன் கோஷ்டி 2025-26-ல் மேற்கு லீக்கிலேயே வந்து சேர்ந்துகொண்டது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு அடையாளம். இன்றைய விதிகள் 2013-ல் இருந்திருந்தால் கேல் மகார் கல்லூரிக்கு முன் இரண்டு வருஷம் மெடிஸின் ஹாட் அரங்கிலேயே ஆடியிருக்கலாம்.

ஆக, லாப நஷ்டக் கணக்கு இதுதான்: 16, 17 வயதில் வரவு அதிகம், 18, 19 வயதில் செலவு அதிகம். லீக் முழுவதும் இளமை கூடும், அனுபவம் குறையும். கோல்கள் மலியலாம், தற்காப்பு தளரலாம்.

செலவுப் பக்கத்தில் இன்னொரு இனமும் சேர்கிறது. தேசிய லீக்கின் உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் 2025-ல் செய்துகொண்ட புது ஒப்பந்தத்தில், ஒவ்வொரு தேசிய லீக் கோஷ்டியும் 19 வயது வாலிபர் ஒருவரை அமெரிக்க ஹாக்கி லீக்குக்கு அனுப்ப வழி செய்ய முடிவாயிற்று. ஒப்பந்தத்தின் காலம் 2026 செப்டம்பரிலிருந்து தொடங்குகிறது. தேசிய லீக்கில் 32 கோஷ்டிகள். எனவே உச்சபட்சம் 32 பேர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்த 32 பேரும் சாதாரணர்களாக இருக்க மாட்டார்கள். முதல் பூட்டும் பாதி திறந்ததாகவே கொள்ளவேண்டும்.

சிற்றூரின் கதி

இந்த மாறுதலை லண்டன் போன்ற பெரிய நகரத்துக் கோஷ்டி தாங்கிக்கொள்ளும். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகை. 9 ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கு. 2005, 2016, 2025 என மூன்று முறை மெமோரியல் கோப்பை. எத்தனை பேர் போனாலும், அந்த உடையை அணிய வேண்டும் என்று வரும் பையன்களுக்குக் குறைவில்லை. கஷ்டம் சிறிய ஊர்களுக்குத்தான்.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பாதர்ஸ்ட் என்ற ஊர் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 12 ஆயிரம். அதன் டைட்டன் கோஷ்டி 2018-ல் மெமோரியல் கோப்பையையே வென்றது. ஏழு வருஷங்கள்கூடத் தாங்கவில்லை. 2024 டிசம்பரில் விற்பனை அறிவிக்கப்பட்டது. 2025-26 பருவத்துக்குக் கோஷ்டி நியூபவுண்ட்லாந்து தீவின் ஸென்ட் ஜான்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி விதி மாறியதால் இது நடந்ததென்று சொல்வதற்கில்லை; சிறிய ஊரின் சந்தை சிறியது என்பதே மூலகாரணம். ஆயினும் சிற்றூர்க் கோஷ்டியின் உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஸாஸ்காச்செவன் மாகாணத்தின் ஸ்விப்ட் கரண்ட் ஊர் இன்னோர் உதாரணம். சுமார் 17 ஆயிரம் ஜனங்கள். அங்கே கோஷ்டி ஒரு தனவந்தரின் சொத்தல்ல, ஊர்ப் பொதுச்சொத்து. 1986 டிசம்பர் 30-ந் தேதி அவர்களுடைய பஸ் பனி உறைந்த சாலையில் கவிழ்ந்து நான்கு வாலிபர்கள் மாண்டார்கள். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்த ஊர், இரண்டரை வருஷத்துக்குள், 1989-ல் மெமோரியல் கோப்பையை வென்றது. இப்படிப்பட்ட ஊர்களில் கோஷ்டி என்பது வெறும் பொழுதுபோக்கல்ல. நீண்ட குளிர்காலத்தில் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் இடம் அந்த அரங்கு ஒன்றுதான்.

வரும் பருவத்தை எடைபோடுவது எப்படி?

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு கோஷ்டியின் எதிர்காலத்தைக் கணிக்க நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, போன நட்சத்திரத்தை எண்ணாமல் மிஞ்சிய 19 வயதினரை எண்ணவேண்டும். நட்சத்திரங்களைக் கல்லூரி எப்படியும் கொத்திக்கொண்டு போகும். ஆனால் இரண்டாம் வரிசையில் உள்ள உழைப்பாளி வாலிபர்கள் எல்லோருக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் இடமில்லை. முதல் படியில் ஆண்கள் ஹாக்கி ஆடும் கல்லூரிகள் அறுபதுக்குச் சற்று மேல்தான். இந்த நடுத்தர வாலிபர்களை யார் அதிகம் வைத்திருக்கிறார்களோ, அவர்கள் மார்ச் மாதத்தில் மேலே இருப்பார்கள்.

இரண்டாவது, கோல் காப்பவரும் தற்காப்பு ஆட்டக்காரர்களும். முன்னணி ஆட்டத்துக்குத் துடிப்பு போதும். 17 வயதிலேயே ஒருவர் சோபிக்கலாம். தற்காப்புக்கு நிதானம் வேண்டும். நிதானம் வயதோடு வருவது. லீக் இளமையாக ஆக ஆக, முதிர்ந்த தற்காப்பின் விலை ஏறும்.

மூன்றாவது, ஜனவரிக் கெடு. வருங்கால உரிமைகளை வாரிக் கொடுத்து இரண்டு வருஷ ஆட்டக்காரரை வாங்குவது இனி சூதாட்டம். வாங்கியவர் அடுத்த ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விட்டால், பணையம் வைத்ததெல்லாம் ஒரே பருவத்தில் கரைந்துபோகும். நிதானமுள்ள நிர்வாகிகள் இனி ஒரு வருஷத்துக்கு மேல் கணக்குப் போட மாட்டார்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பையன் அந்த ஊரில் இருக்க விரும்புகிறானா என்பது. பூட்டு இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய அவசியம் குறைவு. இப்போது இதுவே தலையாய கேள்வி. தங்கும் வீடு எப்படி? பள்ளிப் படிப்பைக் கவனிக்கிறார்களா? பயிற்சியாளர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறாரா, அல்லது வெற்றிக்காகப் பிழிந்தெடுக்கிறாரா? 18 வயதில் கல்லூரிக்குப் போகலாமா, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா என்று ஊசலாடும் வாலிபனின் முடிவை இவைதான் தீர்மானிக்கும்.

இந்த உரைகல்லில் மெடிஸின் ஹாட் கோஷ்டியை உரைத்துப் பார்த்தால், ரஸிகர்கள் அஞ்சியது போல் அது பித்தளையாகத் தெரியவில்லை. மக்கென்னா போன 2025 இலையுதிர் காலத்திலும், சாம்பியன் கோஷ்டியில் ஆடிய இரட்டைச் சகோதரர்கள் லியம் ரக்கும் மார்க்கஸ் ரக்கும் 17 வயதுச் சிறுவர்களாகவே இருந்தார்கள். ப்ரைஸ் பிக்போர்ட் போன்ற தற்காப்பு வீரரும் மிஞ்சினார். 2025-ல் பட்டம் வென்ற பயிற்சியாளர் வில்லி டேஜார்டின்ஸ், 2004-லும் 2007-லும் இதே ஊருக்குப் பட்டம் வாங்கித் தந்தவர்; இடையில் தேசிய லீக்கிலும், 2018 ஒலிம்பிக்ஸில் கனடாவுக்கும் பயிற்சியளித்தவர். வெறுமனே ஒரு மேதையை நம்பி நின்ற கோஷ்டி அவன் போனதும் விழும். வரிசையாக நாற்று விட்டுவந்த கோஷ்டிக்கு ஒரு கட்டு நாற்று பறிபோனதால் பெரிய குடி முழுகிவிடாது.

சிலர் பழைய பூட்டையே மறுபடி போடவேண்டும் என்கிறார்கள். அது நடக்கிற காரியமல்ல, நியாயமுமல்ல. கனடிய லீக்கில் ஆடும் நூற்றுக்கணக்கான பையன்களில் தேசிய லீக்கை எட்டிப் பிடிப்பவர் சிலரே. மற்றவர்களுக்குக் கடைசியில் கைகொடுக்கப் போவது படிப்புத்தான். ஊருக்கு இன்னொரு கோப்பை வேண்டுமென்பதற்காக, 19 வயது வாலிபனுக்கு வந்த நல்ல சந்தர்ப்பத்தை மறிப்பதை எந்தத் தாயாரும் ஒப்பமாட்டாள். அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட மெடிஸின் ஹாட் தாயாரும் ஒப்பமாட்டாள்.

ஆனால் ஒன்று செய்யலாம். நாற்று வளர்த்தவனுக்கு விளைச்சலில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. தேசிய லீக்கின் பணத்திலிருந்து இளைஞர் கோஷ்டிகளுக்குத் தொகை போகும் ஏற்பாடு உண்டு. மூன்று வருஷம் வளர்த்த ஆட்டக்காரரை லட்சக்கணக்கான டாலர் கொடுத்து அழைத்துக்கொள்ளும் சர்வகலாசாலை, வளர்த்த ஊருக்கும் ஏதேனும் கொடுப்பதுதான் முறை. சர்வகலாசாலைகள் மனமுவந்து கொடுக்கப் போவதில்லை. கனடிய லீக் ஒரே குரலில் கேட்டால்தான் பேச்சே ஆரம்பமாகும். கேட்கத் தயங்கினால் பாதர்ஸ்ட் ஊருக்கு நேர்ந்தது மற்ற ஊர்களுக்கும் நேரலாம்.

அதுவரை சிற்றூர் ரஸிகர்கள் புதுக் கணக்குக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். 2014-ல் எட்மன்டன் கோஷ்டி வென்ற பிறகு, 2025 வரை மேற்கு லீக்கின் எந்தக் கோஷ்டியும் மெமோரியல் கோப்பையைத் தூக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப்போவது யாராக இருந்தாலும், கைக்கு வந்த பையன்களைத் தாங்களாகவே இன்னும் ஒரு வருஷம் தங்கும்படி செய்யத் தெரிந்த ஊராகத்தான் அது இருக்கும்.